வல்லூறும் மருந்தும்

பெருநகர மையத்தில், அடுக்குமாடிக் கட்டிடத்தின் உச்சியில் கூடு வைத்திருக்கும் வல்லூறைத் தொலைநோக்கியில் பார்ப்பது மேற்கில் இன்று ஒரு பண்பாட்டு நிகழ்வு. இயற்கை நகரத்தை மன்னித்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். இந்தக் கதையாடல் எவற்றையெல்லாம் மறைக்கிறது என்று கரிசக்காட்டிலிருந்து கேட்டுப் பார்க்கலாம்.

பறவைக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. செங்குத்துப் பாறை இடுக்கில் முட்டையிட்டு, பறக்கிற புறாவை மேலிருந்து பாய்ந்து அடிக்கிற பைரிக்கு உயர்ந்த கட்டிடமும் பாறைதான். மாண்ட்ரியலில் சன் லைஃப் கட்டிடத்தில் 1940களிலேயே அது குஞ்சு பொரித்தது. மாறியதெல்லாம் மனிதர் அதற்குக் கொடுத்த இடம். 1940இல் பிரிட்டிஷ் அரசு, போர்ச் செய்தி சுமக்கும் புறாக்களைத் தின்கிறதென்று அதைக் கொல்ல ஆணையிட்டது. சுமார் 600 பறவைகள் சுடப்பட்டன. போர் முடிந்ததும் டி.டி.டி. வயலுக்கு வந்தது. பூச்சியிலிருந்து சிறு பறவைக்கும் அதிலிருந்து வல்லூறுக்கும் ஏறிச் சேர்ந்தது. முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையிலேயே நொறுங்கியது. 1964இல் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே ஒரு கூடுகூட மிஞ்சவில்லை.

பிரிட்டனில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள், வல்லூறு பெருத்துவிட்டதாகப் புகார் சொன்னார்கள். 1961இல் கணக்கெடுக்கப் போன டெரெக் ராட்கிளிஃப் கண்டதோ காலிக் கூடுகளை. சேகரிப்புகளில் இருந்த பழைய முட்டைகளோடு ஒப்பிட்டு, 1940களின் பிற்பாதியிலிருந்தே ஓடு மெலிந்துவந்ததை 1967இல் நிறுவினார். 1972இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் குழுவினர் வளர்த்த குஞ்சுகள் வெளியே விடப்பட்டன. 1983இல் நியூயார்க் பாலங்களில் கூடுகள் தோன்றின. ஆக, நகரத்து வல்லூறு மன்னிப்பின் அடையாளமல்ல, ஒரு விசாரணையின் முடிவு. யாரோ கணக்கு வைத்திருந்ததால்தான் அந்த விசாரணையே சாத்தியமானது.

எங்க பக்கத்துக் கதை வேறு. கோவில்பட்டியில் 1901இலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்தது. பூச்சியை ஓரளவு தாங்கி நின்ற கருங்கண்ணிப் பருத்தி இந்த மானாவாரி மண்ணின் பயிர். பிறகு நீள இழைப் பருத்தி வந்தது, கூடவே தெளிப்பானும் எண்ட்ரினும் வந்தன. பிரிட்டனில் வல்லூறைக் கொன்ற டீல்ட்ரினின் உடன்பிறப்பு இந்த எண்ட்ரின். நாம் அதற்கு வைத்த பெயர் 'மருந்து'. காட்டுக்கு அடிப்பதும் மருந்து, 'மருந்தக் குடிச்சிட்டான்' என்று தெருவில் சொல்லும்போதும் மருந்து. கொல்வதைக் குணமாக்குவதாகச் சொல்லும் இந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஓர் அரசியல் முழுவதும் ஒளிந்திருக்கிறது. விவசாயத்தில் டி.டி.டி. 1989இலும், எண்ட்ரின் 1990இலும் தடை செய்யப்பட்டன. மகசூல் கணக்கில் செத்த மனிதருக்கே பத்தி கிடையாது. வல்லூறுக்கு எங்கே இருக்கும்?

கணக்கில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு மதுரைப் பக்கம் அரிட்டாபட்டி இருக்கிறது. எங்க கழுகுமலையைப் போலவே குடைவரையும் சமணச் சிற்பமும் உள்ள மலை. பைரியின் இந்தியக் கிளையான ஷாஹீன் வல்லூறு அங்கே உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது சொல்லப்பட்ட காரணங்களில் அந்தப் பறவையும் ஒன்று. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. ஏலப் பகுதிக்குள் அரிட்டாபட்டியும் இருந்தது. கிராமசபைகள் தீர்மானம் போட்டன, ஜனங்கள் மதுரைக்கு நடந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. வென்றது ஜனங்களின் போராட்டம். ஆனால் அவர்கள் வைத்த வாதங்களில் வல்லூறும் சாட்சியாக நின்றது.

பறவை பார்ப்பதை ஓய்வு நேரக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நம் இயக்கங்கள் ஒதுக்கக் கூடாது. கழுகுமலை கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். அந்த மலைமேல் என்ன பறந்தது, எந்த வருஷம் எந்த மருந்து அடித்தார்கள் என்று சொல்லக்கூடிய சம்சாரிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வாயிலிருந்து இதை எழுதி வைக்கும் வேலை நம்முடையது.