ஐந்து எழுத்தா, பதின்மூன்று எழுத்தா?

2007 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், வெள்ளவத்தையில் நான் வாடகைக்குக் குடியிருந்த வீட்டுக்கு ஏ.டி.எஸ்.எல். இணைப்பும் அதனுடன் புதிய வயர்லெஸ் ரவுட்டர் ஒன்றும் வந்து சேர்ந்தன. என்னிடம் இருந்ததோ 2002 இல் கடன்பட்டு வாங்கிய மடிக்கணினி. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம். பக்கவாட்டில் செருகும் வயர்லெஸ் அட்டை. அந்த அட்டை ரவுட்டரின் பெயரைத் திரையில் காட்டியது. கடவுச்சொல்லையும் கேட்டது. கொடுத்தபோது, அது 5 அல்லது 13 எழுத்துகளாக இருக்க வேண்டும் என்று கூறி மறுத்துவிட்டது. நான் வைத்திருந்தது 16 எழுத்து. ரவுட்டரின் பக்கத்துக்குச் சென்று 13 எழுத்தாக மாற்றினேன். இம்முறை மறுக்கவில்லை, இணையவும் இல்லை.

பிழை என் விரல்களில்தான் இருக்கிறது என்று இரண்டு இரவுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கணினி திருத்தும் தம்பி ஒருவர் வந்து பார்த்தார். "பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கோ அண்ணை, உடனே வேலை செய்யும்" என்றார். எடுத்தேன். வேலை செய்தது.

அது எத்தகைய காலம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து எமக்குச் செய்தி அனுப்பியோரின் பெயர்கள் என் மின்னஞ்சல் பெட்டியில் இருந்தன. அக்காலத்து மின்னஞ்சல் சேவைகள் பல, கடவுச்சொல் இடும் பக்கத்தை மாத்திரமே குறியாக்கம் செய்தன. கடிதங்கள் வெறும் எழுத்தாகவே காற்றில் சென்றன. ஜிமெயில்கூட 2010 ஜனவரியில்தான் முழுப் பாதுகாப்பை இயல்பான தெரிவாக்கியது. போதாததற்கு, என் இணைப்பின் வழியாக வேறு எவர் எதை அனுப்பினாலும் பதிவேட்டில் நிற்பது என் பெயர்தான். ஒன்பதாம் நாள் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தபோது, இணைந்திருக்கும் கணினிகள் மூன்று என்றிருந்தது. வீட்டில் இருந்தது ஒன்று.

அன்றிரவே பூட்டை மீண்டும் போட்டேன். என் பழைய அட்டைக்குப் புரிந்த ஒரே பூட்டு டபிள்யூ.ஈ.பி. என்பது. கம்பியில் செல்லும் தகவலுக்கு நிகரான அந்தரங்கத்தை வயர்லெஸ்ஸில் தருவதாக அதன் பெயரே வாக்களித்தது. 5 என்றும் 13 என்றும் கணினி அடம்பிடித்ததன் காரணமும் அதுவே. ரவுட்டர் புதிய வகைப் பூட்டைப் போட்டிருந்தது. என் கணினிக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. எனவே அது தனக்குத் தெரிந்த பூட்டின் திறப்பையே கேட்டுக்கொண்டிருந்தது. கடவுச்சொல் சரியோ பிழையோ, அங்கு பொருளே இல்லை.

ஏன் 5? வயர்லெஸ் வலையமைப்புக்கான 802.11 தரம் 1997 இல் வெளியானது. அதை வகுத்த காலத்தில் ஐக்கிய அமெரிக்கா குறியாக்கத்தை ஆயுதங்களைப் போலவே கட்டுப்படுத்தி வந்தது. 40 பிட் திறப்புடன் நின்றால் ஏற்றுமதி இலகு. அதற்கு மேல் சிக்கல். ஓர் எழுத்துக்கு 8 பிட் என்றால் 40 பிட்டுக்கு 5 எழுத்து. பின்னர் உற்பத்தியாளர்கள் அதை 104 பிட்டாக நீட்டினர், 13 எழுத்து. ஏற்றுமதிக் கட்டுப்பாடு 2000 ஜனவரியில் பெருமளவு தளர்ந்தது. ஆனால் வோஷிங்டனில் எழுதப்பட்ட ஒரு விதியின் நீளம், ஏழு ஆண்டுகளின் பின்னரும் வெள்ளவத்தையில் என் திரையில் எஞ்சியிருந்தது.

நீளம் மட்டும் குறையென்றால் நீட்டியதுடன் தீர்ந்திருக்கும். குறை ஆழத்தில் இருந்தது. டபிள்யூ.ஈ.பி. பயன்படுத்திய குறியாக்க முறை ஆர்.சி.4. ரொன் ரிவெஸ்ட் 1987 இல் வடிவமைத்தது. வேகமானது, அன்றைய மலிவான சில்லுகளும் அதைச் சுமக்கும். ஒரே திறப்பையே எல்லாப் பொதிகளுக்கும் பாவித்தால் ஆபத்து என்பதால், பொதிக்குப் பொதி மாறும் 24 பிட் எண் ஒன்றைத் திறப்பின் முன்னால் ஒட்டினார்கள். அந்த எண்ணோ மறைக்கப்படாமல் வெளிப்படையாகவே செல்லும். 24 பிட்டில் அமையக்கூடிய எண்கள் 1,67,77,216. பெரிய தொகையாகத் தோன்றும். ஆனால் நெருக்கடியான வலையமைப்பில் சில மணி நேரத்தில் தீர்ந்து, பழைய எண்களே திரும்ப வரும். 2001 இல் ஸ்கொட் ஃபுளூரர், இட்சிக் மன்ரின், அடி ஷமிர் ஆகிய மூவரும் இன்னொரு ஓட்டையைக் காட்டினர். அவ்வெண்களுள் சில, திறப்பைப் பற்றிய தடயத்தைத் தாமே கசியவிடுகின்றன. போதிய பொதிகளைப் பொறுமையாகச் சேகரித்தால் திறப்பே கையில் வந்துவிடும். ரிவெஸ்ட்டும் ஷமிரும் 1977 இல் புகழ்பெற்ற ஆர்.எஸ்.ஏ. முறையைச் சேர்ந்து கண்டவர்கள் என்பது இதில் ஒரு சுவை. எனினும் ஆர்.சி.4 ஐ மட்டும் குறை சொல்வது நீதியாகாது. அதைப் பொருத்திய விதமே பெரும் பிழை.

இவை எதுவும் தெரியாமலே நான் டபிள்யூ.ஈ.பி.யை இட்டேன். அதிலும் ஒரு தொல்லை. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதைத் திறப்பாக மாற்றுவது எவ்வாறு என்று தரத்தில் விதி இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி மாற்றியது. ரவுட்டரிலும் அட்டையிலும் ஒரே சொல்லை எழுதினேன்; இரண்டும் வெவ்வேறு திறப்புகளை உருவாக்கிக்கொண்டு ஒன்றையொன்று பார்த்து விழித்தன. பூச்சியம் முதல் ஒன்பது வரையான இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் கலந்த 26 குறிகளை இரு பக்கமும் நேரடியாகத் தட்டிய பின்னரே இணைந்தது. வெற்றிப் பெருமிதத்துடன் ரொறொன்ரோவில் உள்ள மருமகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"மாமா, அந்தப் பூட்டை ஒரு நிமிசத்தில உடைப்பாங்கள்" என்றான்.

மிகைப்படுத்துகிறான் என்றே நினைத்தேன். இல்லை. அவ்வாண்டின் ஏப்ரலில்தான் ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் மூவர், 104 பிட் டபிள்யூ.ஈ.பி. திறப்பை அறுபது விநாடிக்குள் கண்டுபிடிக்கும் வழியை வெளியிட்டிருந்தனர். 40,000 பொதிகள் கிடைத்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 85,000 என்றால் நூற்றுக்கு 95. ரீ.ஜே.எக்ஸ். என்ற அமெரிக்க விற்பனை நிறுவனத்திலிருந்து 4 கோடியே 57 இலட்சம் அட்டைகளின் விபரங்கள் களவுபோன செய்தியும் அவ்வாண்டே வெளியானது. அந்நிறுவனம் நம்பியிருந்ததும் இதே பூட்டைத்தான்.

மாற்றுப் பூட்டு அப்போதே இருந்தது. 2003 இல் டபிள்யூ.பி.ஏ. வந்தது. அதன் உள்ளே இருந்த ரீ.கே.ஐ.பி. என்ற முறையை நான் மதிக்கிறேன். ஏற்கெனவே விற்கப்பட்ட அட்டைகளைக் குப்பையில் போடச் சொல்ல முடியாது. எனவே அதே ஆர்.சி.4 ஐ வைத்துக்கொண்டு, எண்ணை 48 பிட்டாக்கி, பொதிக்குப் பொதி திறப்பைக் கலக்கிக் கொடுத்தார்கள். பொதி இடையில் திருத்தப்பட்டதா என்று சோதிக்க 'மைக்கேல்' என்ற சோதனை சேர்க்கப்பட்டது. பழைய சில்லுகளின் இயலாமைக்காக அதைத் தெரிந்தே பலவீனமாக அமைத்தனர். ஈடாக, அறுபது விநாடிக்குள் இருமுறை சோதனை பிழைத்தால் வலையமைப்பே ஒரு நிமிடம் மூடிக்கொள்ளும். ஒட்டுப்போட்ட சட்டை என்பதை ஒளிக்காத நேர்மை அது. முறையான தீர்வு 2004 இல் டபிள்யூ.பி.ஏ.-2 ஆக வந்தது, ஆர்.சி.4 போய் ஏ.ஈ.எஸ். வந்தது. 2006 மார்ச் முதல் வைஃபை சான்றிதழ் பெறும் புதிய சாதனங்களுக்கு அது கட்டாயமானது.

ஒட்டுப்போட்ட சட்டையையும் அணிய, அட்டையின் உற்பத்தியாளர் புதிய இயக்கி மென்பொருளைத் தர வேண்டும். என் அட்டைக்குத் தரவில்லை. ஐந்து வருடப் பழைய சரக்கு; யார் கவலைப்பட்டார்கள்? புறக்கோட்டையில் யூ.எஸ்.பி. அடப்டர் ஒன்றை வாங்கினேன். பெட்டியில் டபிள்யூ.பி.ஏ.-2 என்று அச்சிடப்பட்டிருந்தது. கணினியின் பட்டியலிலோ அப்பெயர் இல்லை. மருமகனே அதற்கும் விடை சொன்னான். எக்ஸ்பியின் இரண்டாம் சேவைப் பொதிக்கு 2005 இல் மைக்ரோசொஃப்ட் தனியாக ஓர் இணைப்பு வெளியிட்டிருந்தது. அதை இறக்கி நிறுவ வேண்டும். நிறுவினேன். ரவுட்டரில் இரு வகைப் பூட்டையும் கலந்து வைக்கும் தெரிவும் இருந்தது. வேண்டாம் என்றான் மருமகன்: எல்லோருக்கும் பொதுவாகச் செல்லும் பொதிகள் அப்போது பலவீனமான பூட்டுக்கே இறங்கிவிடும். பல வீடுகளில் நின்டென்டோ டி.எஸ். விளையாட்டுக் கருவிக்கு டபிள்யூ.ஈ.பி. தவிர வேறொன்றும் தெரியாததால், பிள்ளைக்காக முழு வீட்டின் பூட்டையும் இறக்கி வைத்த பெற்றோரும் இருந்தனர்.

டபிள்யூ.பி.ஏ.-2 இலும் 2017 இல் மத்தி வன்ஹூஃப் ஓட்டை கண்டார். 2018 இல் டபிள்யூ.பி.ஏ.-3 வந்தது. சென்ற மாதம் தங்கை வீட்டில் புதிய ரவுட்டரை அதிலேயே வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை அழைத்தாள்: "அண்ணா, பிறின்ரர் பாஸ்வேர்ட் பிழை எண்டு சொல்லுது." பாஸ்வேர்ட் பிழையல்ல. விருந்தினர் வலையமைப்பு ஒன்றைத் தனியே திறந்து, அதில் டபிள்யூ.பி.ஏ.-2 ஐயும் ஏ.ஈ.எஸ். ஐயும் தெரிவுசெய்து, பிறின்ரரை அங்கே குடியேற்றினேன். அச்சிட வேண்டிய வேளையில் அவளும் தன் மடிக்கணினியுடன் அங்கே போய்வருகிறாள்.