கரி எழுதிய வரலாறு

மனிதன் செம்பிலும் ஓலையிலும் எழுதக் கற்பதற்கு நெடுங்காலம் முன்பே எழுதத் தொடங்கிய ஏடு ஒன்று உண்டு. அஃது அவனுடைய தோலே ஆகும். ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையே ஆல்ப்ஸ் மலையின் பனிப்பாறையில் 1991ஆம் ஆண்டில் ஓர் ஆடவனின் உடல் கிடைத்தது. அவன் வாழ்ந்து ஏறத்தாழ 5,300 ஆண்டுகள் ஆயின. அவ்வுடலில் 61 பச்சைக் குறிகளை ஆய்வாளர் எண்ணியுள்ளனர். அவற்றை வரைந்த மை வேறெதுவும் அன்று, அடுப்புக் கரியே.

அன்று முதல் இன்று வரை இக்கலையின் முதற்பொருள் கரியாகவே இருந்து வருகின்றது. இந்நாளில் தில்லி, மும்பை, பெங்களூர் முதலிய நகரங்களில் வாழும் நம் பிள்ளைகள் தாய் தந்தையரின் திருவுருவத்தைப் புகைப்படம் போலவே கையில் வரைந்துகொள்கின்றனர். வண்ணம் எதுவுமின்றிக் கருமையும் சாம்பல் நிறமும் மட்டுமே கொண்ட ஓவியம் அது. இப்பழக்கம் எங்கிருந்து வந்தது, யார் கையால் வளர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பச்சையும் தொய்யிலும்

உடலில் ஓவியம் தீட்டும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. மகளிர் தோளிலும் மார்பிலும் எழுதப்பட்ட தொய்யிலைச் சங்க இலக்கியம் பேசுகின்றது. எனினும் தொய்யில் குழம்பினால் எழுதி அழியக்கூடியது. பச்சையோ ஊசியால் குத்தி உடலோடு நிலைப்பது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பொருந்தாது.

நம் சிற்றூர்களில் பச்சை குத்தும் தொழிலைக் குறவர் குலப் பெண்டிர் செய்துவந்தனர். அவர்கள் மை கூட்டிய முறையை 1909இல் வெளிவந்த தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தம் பெருநூலில் எட்கர் தர்ஸ்டன் விரித்துரைக்கின்றார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்குவர். அத்திரியை ஆமணக்கெண்ணெய் விளக்கில் ஏற்றிப் புதுச் சட்டியால் மூடுவர். சட்டியின் உட்புறம் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பர். பின்னர்த் தையல் ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துவர். கோலங்களும் தேளும் பெயர்களும் இவ்வாறே நம் பாட்டிமாரின் முன்கைகளில் இடம்பெற்றன.

கருமையாகக் குத்திய மை, தோலின் ஊடாகப் பார்க்கும்போது ஒளிச் சிதறலால் நீலமும் பச்சையும் கலந்து தோன்றும். ஆகவே தமிழன் அதனைப் பச்சை என்றே அழைத்தான். செய்தவர் கண்ட நிறத்தை விட்டுக் காண்பவர் கண்ட நிறத்தைப் பெயராக்கியது நம் மொழி.

குற்றத்தின் முத்திரை

அழகுக்கும் நேர்த்திக்கும் உரிய இவ்வூசி ஆள்வோர் கையில் தண்டனைக் கருவியாகவும் மாறியது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1797இல் வங்காளத்தில் இயற்றிய ஒழுங்குவிதி, சில குற்றவாளிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்த இடமளித்தது. சிறையிலிருந்து மீண்டாலும் நெற்றியினின்று மீள வழியில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 1849இல்தான் அக்கொடுமை ஒழிந்தது.

நெற்றியில் குத்துவது நின்றபின் ஏட்டில் குத்துவது தொடங்கியது. 1871இல் வடஇந்தியாவில் பிறந்த குற்றப் பழங்குடிச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்தையும் எட்டியது. குறவர் குலத்தில் பல பிரிவினர் பிறப்பாலேயே குற்றவாளிகள் எனப் பதியப்பட்டனர். நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நம் பெண்களுக்கு அழகு எழுதிய கைகள், சட்டத்தின் கண்ணில் திருட்டுக் கைகளாயின. நாடு முழுவதும் அச்சட்டம் நீங்கியது 1952இல். ஏட்டில் அழிந்த அம்முத்திரை ஊரார் மனத்தில் அழிய இன்னும் நாள் பிடிக்கின்றது.

இதற்கு நேர்மாறான செய்தி சத்தீஸ்கரில் உண்டு. கோயிலுள் நுழைய மறுக்கப்பட்ட மக்களிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய ராம்நாமி சமயத்தார், இராம நாமத்தைத் தம் உடலெங்கும் குத்திக்கொண்டனர். கோயில் வேண்டா, எம் உடலே கோயில் என்று சொல்லாமற் சொன்ன செயல் அது. ஒரே ஊசி ஓரிடத்தில் இழிவைக் குத்தியது. மற்றோரிடத்தில் இழிவைத் துடைத்தது.

எழுத்தர் கருவி ஊசியானது

மேலைநாட்டில் இக்கலையை விரைவாக்கிய பொறியின் வரலாறு எம்மைப் போன்ற எழுத்தர்க்குச் சுவையானது. அலுவலகத் தாள்களைப் படியெடுப்பதற்காகத் தாமஸ் எடிசன் மின்பேனா ஒன்றை அமைத்து 1876இல் உரிமம் பெற்றார். ஊசி விரைந்து ஏறியிறங்கித் தாளில் நுண்துளையிடும். துளை வழியே மை இறங்கிப் படி விழும். அலுவலகத்தில் அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும் அதே நெறியைப் பின்பற்றி நியூயார்க்கில் சாமுவேல் ஓரைலி என்பவர் 1891இல் பச்சை குத்தும் மின்பொறிக்கு உரிமம் பெற்றார். தாளுக்கென வந்த ஊசி தோலுக்குச் சென்றது.

சிறையில் பிறந்த சாம்பல் நிறம்

கருமையும் சாம்பல் நிறமுமாய் உயிரோவியம் எழுதும் முறை பிறந்தது கலிபோர்னியாவில், மெக்சிகோ வழிவந்த சிக்கானோ மக்களிடையே. அவர்கள் அந்நாட்டில் உழைத்தும் அயலாராய்க் கருதப்பட்டவர்கள். 1943 சூன் திங்களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர்தம் இளைஞரைப் படைவீரர் உடையைப் பார்த்தே தாக்கியது வரலாற்றில் பதிவாகியுள்ளது. பிற்காலத்தில் அச்சமூகத்து இளைஞர் பலர் சிறை புகுந்தனர்.

சிறையில் வண்ணமை ஏது? கைக்குக் கிடைத்ததைக் கொண்டு கருவி செய்தனர். ஒலிநாடாப் பொறியின் சிறு மோட்டார், கித்தார்க் கம்பி, எழுதுகோலின் குழல் ஆகியவை சேர்ந்து ஒற்றை ஊசிப் பொறியாயின. எண்ணெயையோ பிளாஸ்டிக்கையோ எரித்துப் புகைக்கரி பிடித்து மையாக்கினர். அகத்தித் திரியின் மேல் சட்டி கவிழ்த்த நம் குறத்தியும், கடல் கடந்த அச்சிறைவாசியும் ஒருவரையொருவர் அறியார்; இருவரும் கண்ட வழி ஒன்றே.

ஒரே ஊசி என்பதால் கோடு மெலிந்தது. ஒரே மை என்பதால் நீர் கலந்து நிறத்தைப் படிப்படியாக மென்மையாக்கினர். இல்லாமையே பாணியாயிற்று. அவர்கள் எழுதியவை யாவை? குவாதலூப்பே அன்னை, முள்முடி தரித்த இயேசு, விட்டுவந்த தாய், மனைவி, மாண்ட நண்பன். பிரிந்தவர் முகத்தை உடலோடு வைத்துக்கொள்ளும் ஆசையே அக்கலையின் ஊற்று.

சிறைக்குள் இருந்த கலையைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் சார்லி கார்ட்ரைட், ஜாக் ரூடி என்னும் இருவர். 1975இல் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் அவர்கள் கடை திறந்து, மின்பொறியை ஒற்றை ஊசிக்கு ஏற்பத் திருத்தினர். சிறார் காவல் இல்லங்களில் இக்கலை பயின்ற பிரெடி நெக்ரெட்டே 1977இல் அங்குச் சேர்ந்து பெரும்புகழ் பெற்றார். சுவரில் தொங்கும் மாதிரிப் படங்களுள் ஒன்றைச் சுட்டிக் குத்திக்கொள்வதே அதுவரை பெருவழக்கு. ஒவ்வொருவர் விருப்பத்தையும் கேட்டு அவர்க்கென்றே புதிதாய் வரையும் முறைக்கு, டான் எட் ஹார்டி 1974இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய கூடம் வழிகாட்டியது. இவ்விரு நீரோடைகளும் கலந்ததே இன்று உலகெங்கும் பரவியுள்ள முறை.

தோல் எவ்வாறு நினைவில் வைக்கின்றது?

நல்ல கலைஞர் தெளிவான புகைப்படம் ஒன்றைக் கேட்டுப் பெறுவார். முகத்தில் வெளிச்சமும் நிழலும் பிரிந்து தெரிய வேண்டும். அதனைக் கோட்டுப்படமாக்கித் தோலில் ஒற்றிக்கொண்டு, கருமையிலிருந்து வெளிறிய சாம்பல் வரை பல கிண்ணங்களில் நீர் கலந்த மைகளை வரிசையாக வைப்பார். வெளிச்சம் விழும் இடத்தில் பெரும்பாலும் மை இடுவதில்லை. தோலின் நிறமே அங்கு ஒளியாக நிற்கும். ஆதலால் நம்மவர் மாநிறத்துக்கு ஏற்பக் கருமையை ஆழப்படுத்தத் தெரிந்தவரே தக்கவர். முகம் மிகச் சிறியதாக இருத்தலும் ஆகாது. ஆண்டுகள் செல்ல மை சற்றே பரவுமாதலால், சிறு முகத்தில் கண்ணும் இமையும் ஒன்றாய்க் கலங்கிவிடும். பல மணி நேரம் வலி பொறுக்கவேண்டிய வேலை இது. ஒருவர்க்குப் பயன்பட்ட ஊசியும் மைக்கிண்ணமும் பிறர்க்கு ஆகா. ஈரல் நோய்க் கிருமி பரவும் வழி அது.

மேல்தோல் நாள்தோறும் உதிர்வது. மையோ உட்தோலில் தங்குவது. அங்குள்ள காவல் உயிரணுக்கள் மைத்துகளை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர் எலிகளிடம் ஆராய்ந்து, ஓர் அணு மடியும்போது அது விடுத்த மையைப் புதிதாய் வரும் அணு ஏற்றுக்கொள்வதைக் கண்டனர். சுமப்பவர் மாறினும் சுமை கீழே விழுவதில்லை.

இளைஞரும் நாமும்

எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்றில் தந்தை 2021ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் மறைந்தார். முகம் பார்க்கவும் மகனுக்கு வாய்க்கவில்லை. ஈராண்டுக்குப் பின் அவன் தன் இடது முன்கையில் தந்தையின் முகத்தை எழுதுவித்து வந்தான். தாய் முதலில் கடிந்துகொண்டார். பின்னர் அக்கையைத் தம் மடியில் வைத்து நெடுநேரம் பார்த்திருந்தார். அவனைக் குறைகூற எனக்கு நா எழவில்லை.

அரசுப் பணியை நாடும் இளைஞர்க்கு மட்டும் ஒரு சொல். மத்திய ஆயுதக் காவற்படைகளின் மருத்துவத் தேர்வு விதிகள் பச்சையின் பொருள், இடம், அளவு ஆகிய மூன்றையும் வரையறுக்கின்றன. வணக்கம் செலுத்தாத இடக்கை முன்புறம் ஏற்கப்படும். அளவும் அவ்வுறுப்பின் கால் பங்குக்கு உட்பட்டிருக்க வேண்டும். குத்துவதற்கு முன் விதியைப் படித்தல் நலம்.

பணிப்பதிவேட்டின் முதற்பக்கத்தில் அங்க அடையாளம் என்றொரு கட்டம் உண்டு. மச்சமும் தழும்பும் அங்கு எழுதப்படும். அவை பிறப்பும் விபத்தும் தந்தவை. பச்சை ஒன்றுதான் மனிதன் தானே தேர்ந்துகொள்ளும் அடையாளம். அதனாலேயே அதனைப் பிறர்மேல் திணித்த ஆட்சி கொடியதாயிற்று. தானே விரும்பி ஏற்றவனுக்கு அஃது ஆறுதலாயிற்று.

படித்த நாம் பாட்டியின் கைப்பச்சையை நாட்டுப்புறம் என்று நகைத்த காலம் உண்டு. பேரன் அதே கரியைப் பல்லாயிரம் ரூபாய் கொடுத்துக் குத்திக்கொள்ளும்போது அதனைக் கலை என்கின்றோம். இரண்டும் கலையே. அதனை வளர்த்தவர்களுள் சட்டம் குற்றவாளி என்று முத்திரையிட்ட எளியவர் பலர். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் குடும்பத்தினர், முதிய பெண்டிர் கையிலுள்ள கோலங்களைப் பெயரும் ஊரும் குறித்துப் படமெடுத்து வருவார்களாயின், நம் சங்கம் அவற்றைத் தொகுத்து வைக்கலாம். கல்லெழுத்துக்குப் படியெடுப்போர் உளர்; கையெழுத்தாகிய அப்பச்சையோ அதனைச் சுமந்தவரோடு மறைந்துவிடும்.