மிகைல் ஸ்பெரான்ஸ்கி

ஸ்பெரான்ஸ்கி, மிகைல் மிகைலோவிச் (1772–1839): ரஷ்யப் பேரரசின் உயர் அலுவலர், அரசியல் சீர்திருத்தத் திட்டங்களை வகுத்தவர், சட்டத் தொகுப்பாளர். முதலாம் அலெக்சாந்தர், முதலாம் நிக்கோலஸ் ஆகிய இரு ஜார் மன்னர்களிடமும் பணியாற்றினார். கிராமப் பாதிரியாரின் மகனாகப் பிறந்து கவுன்ட் பட்டம் வரை உயர்ந்தவர். இடையில் ஒன்பது ஆண்டுகள் தலைநகரிலிருந்து விலக்கிவைக்கப்பட்டார். ஜாரின் அதிகாரத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவர இவர் தீட்டிய திட்டம் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. ஜார்களின் சட்டங்களைத் திரட்டி ஒழுங்குபடுத்திய பணியோ பேரரசு முடியும் வரை நிலைத்தது. (இக்கட்டுரையில் வரும் தேதிகள் அன்றைய ரஷ்யாவில் வழங்கிய பழைய நாட்காட்டிப்படி அமைந்தவை; 19ஆம் நூற்றாண்டில் அது இன்றைய நாட்காட்டிக்கு 12 நாள் பின்தங்கியிருந்தது.)

இளமையும் கல்வியும்

1772 ஜனவரி 1 அன்று விளாதிமிர் மாகாணத்தின் செர்குத்தினோ கிராமத்தில் பிறந்தார். குடும்பத்துக்கென்று தனிப் பெயர் இருக்கவில்லை. ஸ்பெரான்ஸ்கி என்பது விளாதிமிர் சமயப் பள்ளியில் சேர்ந்தபோது சூட்டப்பட்ட பெயர். படிப்பில் சிறந்து விளங்கியதால் 1790இல் பீட்டர்ஸ்பர்க்கிலுள்ள அலெக்சாந்தர் நெவ்ஸ்கி சமயப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். படிப்பு முடிந்ததும் அங்கேயே கணிதம், இயற்பியல், சொற்கலை, மெய்யியல் ஆகியவற்றைக் கற்பித்தார்.

இளவரசர் அலெக்ஸி குராக்கினுக்குச் செயலர் தேவைப்பட்டபோது பள்ளித் தலைமை இவர் பெயரைச் சொல்லியது. சோதித்துப் பார்க்க விரும்பிய குராக்கின், தாம் எழுத வேண்டிய கடிதங்களின் கருத்தை மட்டும் ஒரு மாலை சொல்லி அனுப்பினார் என்றும், மறுநாள் விடிவதற்குள் பதினொரு கடிதங்களும் எழுதி முடிக்கப்பட்டிருந்தன என்றும் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. துறவறம் ஏற்றுத் திருச்சபையில் உயரும் வழி இருந்தும் அதை விடுத்து, 1797இல் அரசுப் பணியில் சேர்ந்தார். மறு ஆண்டு எலிசபெத் ஸ்டீபன்ஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். மகள் பிறந்த சிறிது காலத்திலேயே, 1799இல், மனைவி காசநோயால் இறந்தார். ஸ்பெரான்ஸ்கி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அலெக்சாந்தரின் நம்பிக்கைக்குரியவர்

1802இல் அமைச்சகங்கள் தோற்றுவிக்கப்பட்டபோது, உள்துறை அமைச்சர் கொச்சுபெய் இவரைத் தம் துறைக்கு எடுத்துக்கொண்டார். அரசாங்க அறிக்கைகளைத் தெளிவான, நேரடியான ரஷ்ய மொழியில் எழுதும் வழக்கத்தை உண்டாக்கியவர்களுள் இவர் முதன்மையானவர். 1806இல் நோயுற்ற கொச்சுபெய், ஜாரிடம் கோப்புகளை எடுத்துச்செல்லும் வேலையை இவரிடம் ஒப்படைத்தார். அலெக்சாந்தரின் நேரடித் தொடர்பு அப்படித்தான் கிட்டியது. 1808இல் எர்ஃபர்ட் நகரில் நெப்போலியனைச் சந்திக்கச் சென்ற ஜார் இவரையும் உடன் அழைத்துச் சென்றார். அதே ஆண்டில் நீதித்துறை துணை அமைச்சரானார்.

1809 திட்டம்

ஜாரின் விருப்பப்படி 1809இல் இவர் முழுமையான ஆட்சிச் சீர்திருத்தத் திட்டமொன்றை வரைந்தார். சட்டமியற்றல், நிர்வாகம், நீதி ஆகிய மூன்றும் தனித்தனி அமைப்புகளிடம் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கிராம வட்டாரத்திலிருந்து மாவட்டம், மாகாணம் எனப் படிப்படியாக மன்றங்கள் தேர்ந்தெடுக்கப்படும். அவற்றின் உச்சியில் அரசு டூமா அமையும். டூமாவின் ஒப்புதலின்றிப் புதிய சட்டம் வரக்கூடாது. இவை அனைத்தையும் ஜாருடன் இணைக்கும் அமைப்பாக அரசுப் பேரவை இருக்கும்.

வாக்குரிமை சொத்துள்ளவர்களுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. மக்கள்தொகையில் பெரும் பகுதியான பண்ணையடிமைகளுக்கு அரசியல் உரிமை எதுவும் இல்லை. அவர்களின் விடுதலை காலப்போக்கில் வர வேண்டியது என்று விடப்பட்டது. அப்படியிருந்தும், தன்னாட்சி மன்னரின் விருப்பமே சட்டம் என்றிருந்த நாட்டில் இது துணிச்சலான வரைவு.

நடைமுறைக்கு வந்தவை இரண்டு. அரசுப் பேரவை 1810 ஜனவரி 1 அன்று தொடங்கப்பட்டது; ஸ்பெரான்ஸ்கி அதன் அரசுச் செயலரானார். அமைச்சகங்களின் கடமைகளையும் உள்ளமைப்பையும் வரையறுத்த சட்டம் 1811இல் வந்தது. டூமா வரவில்லை. பேரவையும் ஜாருக்கு ஆலோசனை சொல்லும் அவையாகவே இயங்கியது.

பகையும் வீழ்ச்சியும்

இவருக்குப் பகையைத் தேடித் தந்தவை பெரும்பாலும் சிறிய ஆணைகளே. அரண்மனைப் பட்டம் பெற்ற பிரபு வீட்டுப் பிள்ளைகள் எந்த அலுவலிலும் அமராமலே அரசுப் பணியின் உயர்நிலைகளை அடைந்துவந்தனர். 1809 ஏப்ரல் ஆணை அப்பட்டங்களை வெறும் மதிப்புப் பட்டங்களாக்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் ஆணைப்படி, 14 நிலைகள் கொண்ட அரசுப் பணியில் எட்டாம் நிலைக்கும் ஐந்தாம் நிலைக்கும் உயர விரும்புவோர் பல்கலைக்கழகச் சான்று காட்ட வேண்டும், அல்லது தேர்வு எழுத வேண்டும். சட்டம், வரலாறு, கணிதம், அயல்மொழி எல்லாம் பாடத்தில் இருந்தன. வயது முதிர்ந்த எழுத்தர்கள் முதல் பிரபுக்கள் வரை அனைவரும் கொதித்தனர். 1812 தொடக்கத்தில் பிரபுக்களின் பண்ணை வருமானத்தின் மீதும் வரி விதிக்கப்பட்டது. பாதிரியார் மகன் தங்களை ஆட்டிவைக்கிறான் என்ற ஆத்திரம் அரசவையில் வளர்ந்தது. பிரெஞ்சுச் சட்டமுறையை இவர் மதித்ததைக் காட்டி நெப்போலியனின் ஆள் என்றும் தூற்றினர். வரலாற்றாசிரியர் கரம்சின் 1811இல் ஜாரிடம் அளித்த குறிப்பில், ரஷ்யாவுக்குத் தன்னாட்சியே ஏற்றது என்று வாதிட்டுச் சீர்திருத்தங்களைக் கடுமையாகச் சாடினார்.

நெப்போலியனுடன் போர் நெருங்கிய வேளையில் அலெக்சாந்தருக்குப் பிரபுக்களின் ஆதரவு தேவைப்பட்டது. 1812 மார்ச் 17 மாலை ஸ்பெரான்ஸ்கி அரண்மனைக்கு அழைக்கப்பட்டார். ஜாருடன் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தனியே இருந்துவிட்டு வெளியே வந்தவர், கலங்கிய முகத்துடன் தாள்களைப் பையில் திணித்ததை முன்னறையில் காத்திருந்தவர்கள் கண்டனர். வீடு திரும்பியபோது காவல்துறை அமைச்சர் பலஷோவ் அங்கே காத்திருந்தார். தாள்களுக்கு முத்திரை வைக்கப்பட்டது. உறங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்பாமலே அன்றிரவே நீஷ்னி நோவ்கரதுக்குப் புறப்பட்டார். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. அங்கிருந்து அதே ஆண்டில் இன்னும் தொலைவிலுள்ள பெர்ம் நகருக்கு மாற்றப்பட்டார். 1814இல் நோவ்கரத் அருகேயுள்ள தம் பண்ணையில் வசிக்க அனுமதி கிடைத்தது.

சைபீரியாவில்

1816இல் பென்சா மாகாண ஆளுநராகவும், 1819இல் சைபீரியாவின் தலைமை ஆளுநராகவும் அமர்த்தப்பட்டார். அவருக்கு முன் அப்பதவியில் இருந்த இவான் பெஸ்டல் பெரும்பாலும் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தபடியே சைபீரியாவை ஆண்டவர். இர்கூட்ஸ்க் ஆளுநர் திரெஸ்கினும் அவர் கீழிருந்தோரும் கேட்பாரின்றி மக்களைச் சுரண்டினர். ஸ்பெரான்ஸ்கி ஊர் ஊராகச் சென்று மனுக்களை வாங்கி விசாரித்தார். அறுநூறுக்கும் மேற்பட்டோர் முறைகேடுகளில் சிக்கினர். திரெஸ்கின் பதவி இழந்தார்.

1821இல் தலைநகர் திரும்பினார். மறு ஆண்டு வெளிவந்த சைபீரியச் சட்டங்கள் இவர் தயாரித்தவை. அவை சைபீரியாவை மேற்கு, கிழக்கு என இரண்டாகப் பிரித்தன. பூர்வகுடிகளை நிலையாக வாழ்வோர், பருவத்துக்கேற்ப இடம்பெயர்வோர், வேட்டையாடி அலைவோர் என வகைப்படுத்தி, உள்விவகாரங்களைத் தம் வழக்கப்படி நடத்திக்கொள்ள இடமளித்தன. நாடுகடத்தப்பட்ட கைதிகளுக்கும் கசாக்கியப் புல்வெளிக்கும் தனி விதிகள் வகுக்கப்பட்டன. பின்னதால் கசாக்கியரின் நடுப் பிரிவினரிடையே கான்களின் ஆட்சி ஒழிந்து ரஷ்யப் பிடி இறுகியது.

டிசம்பர் கிளர்ச்சி வழக்கு

1825 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க்கில் கிளர்ந்தெழுந்த இளம் அதிகாரிகள், தாங்கள் வென்றால் அமையவிருந்த இடைக்கால அரசில் ஸ்பெரான்ஸ்கியைச் சேர்க்க எண்ணியிருந்தனர். சைபீரியாவில் இவருக்கு உதவியாக இருந்த பொறியாளர் பத்தென்கோவும் கைதானவர்களுள் ஒருவர். புதிய ஜார் நிக்கோலஸ் இவரையே தனி நீதிமன்ற உறுப்பினராக்கினார். 121 பேரின் குற்றங்களைத் தரம் பிரித்து வகைப்படுத்தும் வேலை இவர் கைக்கு வந்தது. ஐவர் 1826 ஜூலையில் தூக்கிலிடப்பட்டனர். அந்நாட்களில் தந்தை அடிக்கடி கண்ணீர் விட்டார் என்று மகள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

சட்டத் தொகுப்பு

ஸ்பெரான்ஸ்கியின் பெயர் நிலைத்தது இப்பணியால்தான். 1649ஆம் ஆண்டுச் சட்டக்கோவைக்குப் பின் ரஷ்யாவில் முழுமையான தொகுப்பு வெளிவரவில்லை. மகா பீட்டர் காலம் முதல் அமைக்கப்பட்ட குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. எந்தச் சட்டம் செல்லும், எது செல்லாது என்று நீதிபதிகளுக்கே தெரியவில்லை; தெரிந்ததாகக் காட்டிக்கொண்ட எழுத்தர்கள் கையூட்டில் கொழுத்தனர். 1826இல் நிக்கோலஸ் இப்பணியைத் தம் சொந்த அலுவலகத்தின் இரண்டாம் பிரிவில் சேர்த்தார். பிரிவின் தலைவர் பலுகியான்ஸ்கி. வேலையை நடத்தியவர் ஸ்பெரான்ஸ்கி.

முதலில் செனட் உள்ளிட்ட ஆவணக் காப்பகங்களிலிருந்து பழைய ஆணைகள் திரட்டப்பட்டு, கால வரிசையில் ஒழுங்குபடுத்தப்பட்டன. 1649 முதல் 1825 டிசம்பர் 12 வரையிலான முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்கள் 45 தொகுதிகளாக 1830இல் அச்சாயின. பிறகு அவற்றில் நடப்பிலிருந்தவை மட்டும் பிரித்தெடுக்கப்பட்டு, பொருள்வாரியாக 15 தொகுதிகளில் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு பிரிவின் கீழும் அது எந்த ஆணையிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பு இருந்தது. 1833 ஜனவரி 19 அன்று அரசுப் பேரவையில் இத்தொகுப்பு ஏற்கப்பட்டபோது, நிக்கோலஸ் தம் மார்பிலிருந்த புனித ஆந்திரே நட்சத்திரத்தைக் கழற்றி ஸ்பெரான்ஸ்கிக்கு அணிவித்தார். பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலஸ் சிலையின் பீடத்தில் இக்காட்சி புடைப்புச் சிற்பமாக உள்ளது. தொகுப்பு 1835 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இறுதிக்காலமும் மதிப்பீடும்

1835 முதல் பட்டத்து இளவரசருக்குச் சட்டம் கற்பித்தார். அந்த மாணவரே 1861இல் பண்ணையடிமை முறையை ஒழித்த இரண்டாம் அலெக்சாந்தர். 1839 ஜனவரி 1 அன்று ஸ்பெரான்ஸ்கிக்குக் கவுன்ட் பட்டம் வழங்கப்பட்டது. பிப்ரவரி 11 அன்று பீட்டர்ஸ்பர்க்கில் காலமானார். டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலில் இவர் ஒரு பாத்திரமாக வருகிறார். நோவ்கரதில் 1862இல் நிறுவப்பட்ட ரஷ்யாவின் ஆயிரமாண்டு நினைவுச்சின்னத்திலும் இவருக்கு இடமுண்டு.

இவரைச் சந்தர்ப்பவாதி என்போரும், காலத்துக்கு முந்திப் பிறந்தவர் என்போரும் உண்டு. இரண்டும் முழு உண்மையல்ல. சட்டம் எழுத்தில் வர வேண்டும், அலுவலர்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்ற கொள்கையை அவர் இளமை முதல் இறுதி வரை விடவில்லை. மன்னரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்ற பாதியை மட்டும் 1812க்குப் பின் வலியுறுத்தவில்லை. அவர் தொகுத்த சட்டக்கோவையின் முதல் பிரிவே ஜாரை வரம்பற்ற தன்னாட்சி மன்னர் என்று வகுத்தது. அந்த வரம்பற்ற நிலை சட்டத்திலிருந்து நீக்கப்பட்டதும், ஸ்பெரான்ஸ்கி திட்டமிட்ட பெயரிலேயே முதல் அரசு டூமா கூடியதும் 1906 ஏப்ரலில், அவர் இறந்து 67 ஆண்டுகளுக்குப் பிறகு.