புட்டியும் பெட்டியும்

நெய்வேலி நகரியத்தில் எங்கள் வீட்டுப் பின்புறத் தாழ்வாரத்தில் ஒரு சோடாப் பெட்டி கிடக்கிறது. நீளவாக்கில் ஆறு, அகலவாக்கில் நான்கு என 24 அறைகள். மூலைகளில் துருவேறிய தகரப் பட்டை. பக்கப் பலகையில் சிவப்புச் சாயத்தில் எழுதப்பட்டிருந்த கம்பெனிப் பெயரில் இரண்டு எழுத்துகள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. அது எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. யாரோ ஒருவருக்குத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டிய பெட்டி என்பது மட்டும் நிச்சயம்.

அண்மையில் அமெரிக்காவில் வாழும் நண்பர் ஒருவர் அந்தப் பெட்டியின் அளவுகளைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். வீட்டிலேயே பீர் காய்ச்சும் பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அங்கே அது குற்றமல்ல. 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழி திறந்தது. இங்கிலாந்தில் அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, 1963-இல், வீட்டில் காய்ச்சுவதற்கு உரிமம் பெற வேண்டும் என்ற விதி நீக்கப்பட்டுவிட்டது. நண்பர் ஒரு முறைக்கு ஐந்து காலன், அதாவது ஏறத்தாழ 19 லிட்டர் காய்ச்சுகிறார். அது 355 மில்லி புட்டிகளில் ஐம்பதுக்குச் சற்று மேல் வரும். அவற்றை அடுக்கிவைக்கத் தாமே மரப்பெட்டிகள் செய்ய விரும்பினார். சிறு வயதில் எங்கள் வீட்டில் பார்த்த பெட்டி நினைவுக்கு வந்திருக்கிறது.

அளவெடுக்க உட்கார்ந்தபோதுதான் அதை முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். அறை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் சதுரம். தடுப்புப் பலகைகளை ஆணியடித்துச் சேர்க்கவில்லை. ஒவ்வொன்றிலும் பாதி உயரத்துக்கு வெட்டு விட்டு, மேலிருந்து ஒன்றும் கீழிருந்து ஒன்றுமாகக் கோத்திருக்கிறார்கள். ஒரு தடுப்பு உடைந்தால் அதை மட்டும் உருவி மாற்றிவிடலாம். தடுப்புகள் புட்டியின் தோள்வரைதான் வருகின்றன. கழுத்தைப் பிடித்துத் தூக்க விரல்களுக்கு இடம் வேண்டுமல்லவா? அடிப்பாகம் முழுப் பலகையன்று, இடைவெளி விட்டு அடித்த ரீப்பர்கள். கழுவிய புட்டியின் நீரும் உடைந்த சில்லும் கீழே இறங்கிவிடும். பலகையின் முனையில் நேராக அடித்த ஆணி நாளடைவில் கழன்றுவிடும் என்பதால், நான்கு மூலைகளிலும் உள்ளே ஒரு சட்டம் நிறுத்தி அதில் அடித்திருக்கிறார்கள். நிரம்பிய பெட்டி பதினைந்து, இருபது கிலோவுக்குள் நிற்கும். ஓர் ஆள் தூக்கி மிதிவண்டியின் பின்னிருக்கையில் வைத்துக் கட்டக்கூடிய கனம். இதைச் செய்த ஆசாரிக்கு ஒவ்வோர் அளவுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கிறது.

நண்பரின் பெட்டிக்கு இன்னும் இரண்டு காரணங்கள் சேர வேண்டும். வீட்டு பீர் புட்டிக்குள் போன பிறகும் உயிரோடு இருக்கிறது. மூடும் முன்பு சிறிது சர்க்கரை சேர்க்கிறார்கள். எஞ்சியிருக்கும் நொதி அதைத் தின்று கரியமில வாயுவை வெளியிடுகிறது. நுரை பிறப்பது அப்படித்தான். சர்க்கரை கொஞ்சம் கூடினாலோ, நொதித்தல் முடியும் முன்பே அடைத்தாலோ புட்டி வெடிக்கும். ஒன்று வெடித்துப் பக்கத்துப் புட்டியையும் கூட்டிக்கொண்டு போகாதிருக்க முழு உயரத் தடுப்பும் கனமான பக்கப் பலகையும் மூடியும் தேவை. இரண்டாவது, இருட்டு. ஹாப்ஸ் பூவின் சாரம் வெளிச்சம் பட்டால் கெட்டு நாறும். பீர் புட்டி பழுப்பு நிறத்தில் இருப்பதும் அதனால்தான். ஆக, வீட்டு பீர்ப் பெட்டியின் வேலை சுமப்பது மட்டுமன்று. பொறுத்திருக்க இடம் தருவதும்கூட.

இதை எழுதும்போது, நம்மிடம் இப்படி ஒன்று இருந்ததில்லையா என்ற கேள்வி எழுந்தது. வீட்டில் காய்ச்சும் பீர் நமக்குப் புதிதே அன்று. சங்க இலக்கியத்தில் அதற்குப் பெயர் உண்டு: தோப்பி. நெல்லிலிருந்து வீட்டில் சமைத்த கள் என்று உரைகாரர்கள் பொருள் கொள்வர். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை அரிசிக் கள்ளின் செய்முறையையே தருகிறது. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் உறுதியான வாயுடைய சாடியில் வைத்து, பச்சை வாடை போக விளைந்தபின் விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். முளைகட்டிய தானியம் தன் மாவுச்சத்தைத் தானே சர்க்கரையாக்கிக்கொள்ளும் என்பதுதான் உலகெங்கும் பீரின் அடிப்படை. ஐரோப்பியர் பார்லியில் செய்ததைத் தொண்டை நாட்டார் நெல்லில் செய்திருக்கிறார்கள்.

சேமிப்புக்கும் அவர்களிடம் வழி இருந்தது. மலைநாட்டார் மூங்கில் குழாய்க்குள் தேறலை விளையவைத்தனர். திருமுருகாற்றுப்படையிலும் மலைபடுகடாத்திலும் இதைக் காணலாம். புறநானூற்றின் 120-ஆம் பாட்டில் கபிலர், நிலத்தில் புதைத்து முதிரவைத்த மதுவைச் சொல்கிறார். பாரியின் பறம்பு நாட்டை நினைத்து ஏங்கும் பாட்டு அது. இருட்டு, குளிர்ச்சி, அசையாமை ஆகிய மூன்றையும் நண்பர் தம் மரப்பெட்டியில் தேடுகிறார். கபிலர் காலத்து மக்களுக்கு மண்ணே அந்தப் பெட்டியாக இருந்திருக்கிறது.

தொலைவிலிருந்து வந்த மதுவும் உண்டு. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்துவதை நக்கீரர் பாடுகிறார் (புறம் 56). நெய்வேலியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடற்கரையிலிருந்து மது வந்த ஆம்போரா சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அடி கூம்பிய அந்தச் சாடி தானாக நிற்காது. ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து கப்பலின் அடித்தட்டில் அடுக்கப்பட்டு வந்தது. அந்தக் கப்பல் முழுவதுமே ஒரு பெட்டிதான்.

ஆனால் புட்டிக்கு மரப்பெட்டி செய்யும் தேவை நம் ஊரில் நெடுங்காலம் எழவில்லை. காரணம் கள்ளின் இயல்பு. பனையிலோ தென்னையிலோ கலயம் கட்டிய சில மணி நேரத்தில் பாளைச் சாறு புளிக்கத் தொடங்குகிறது. அன்றே இறக்கி அன்றே குடித்தாக வேண்டும். கொதிக்கவைத்து நொதியைக் கொல்லாமல் புட்டியில் அடைத்தால் அது வெடிகுண்டு. எனவே கள்ளுக்கு வாய் திறந்த கலயம் போதுமானதாக இருந்தது. இறக்கியவரை ஊருக்கே தெரியும், மரத்தையும் தெரியும். கள்ளின் முகவரி அதன் மரம்.

கண்ணாடிப் புட்டி வெள்ளையரோடு வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் கிழக்கே ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலையிலிருந்து பீர், மர மிடாக்களில் ஏறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல மாதங்கள் பயணம் செய்து இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தது. வைக்கோல் சுற்றிய புட்டிகளாகப் பெட்டிகளிலும் வந்தது. குளிர்ந்த மலைகளில் ஆலைகள் இங்கேயே எழுந்தபின் இறக்குமதி குறையத் தொடங்கியது. தென்னிந்தியாவின் ஐந்து சிறு ஆலைகள் 1915-இல் ஒன்றிணைந்து யுனைடெட் புரூவரீஸ் ஆயின. 1892-இல் அமெரிக்கர் வில்லியம் பெயிண்ட்டர் காப்புரிமை பெற்ற தகர மூடி, வாயு நிரம்பிய புட்டியை மலிவாகவும் உறுதியாகவும் அடைக்க வழி செய்தது. பீர், சோடா இரண்டுக்கும் அது பொதுவாயிற்று.

எங்கள் வீட்டுப் பெட்டி தோன்றிய உலகம் இதுதான். 1870-களில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய கோலிப் புட்டி, உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி வாயை அடைக்கும் எளிய சூத்திரம் கொண்டது. இங்கிலாந்து அதை மறந்த பிறகும் தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகள் மறக்கவில்லை. 1916-இல் விருதுநகரில் காளிமார்க் தொடங்கியது. ஊருக்கு ஊர் சிறு கம்பெனிகள் முளைத்தன. சோடாவில் இருப்பது நீரும் வாயுவும்தான். உண்மையான முதலீடு புட்டி. ஆகவே புட்டி திரும்பி வந்தாக வேண்டும். பெட்டியின் 24 அறைகள் ஒருவகைக் கணக்குப் புத்தகம். காலையில் இருபத்து நான்கு போயிற்று, மாலையில் இருபத்திரண்டு வந்தது என்றால் வெற்று அறைகளே கடைக்காரரின் கடனைச் சொல்லிவிடும். பக்கப் பலகையின் பெயரும் விளம்பரத்துக்காக எழுதப்பட்டதன்று, இந்தப் பெட்டி இன்ன இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. சோடாவில் குப்பை மிதந்தால் சண்டை போட வேண்டிய ஆள் யார் என்பதும் அதிலேயே இருந்தது.

நெய்வேலி நகரியம் பிறந்தபோது தமிழ்நாட்டில் புட்டி என்றால் பெரும்பாலும் சோடாப் புட்டிதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் ஆழ்கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்புப் பொருள் வெளிவந்ததில் தொடங்குகிறது இந்த ஊரின் கதை. 1956-இல் நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. 1962-இல் அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. ஜெர்மனியிலிருந்து வெட்டு இயந்திரங்களும் சோவியத் ஒன்றியத்திலிருந்து மின்நிலையத்துக்கான உதவியும் வந்தன. இவ்வளவும் நடந்தது முழு மதுவிலக்குக் காலத்தில். 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்து, 1971 வரை நீடித்தது. வெளிநாட்டவர் அனுமதிச் சீட்டுப் பெறலாம். மற்றவர்களுக்குச் சட்டப்படி எதுவுமில்லை, சட்டத்துக்கு வெளியே எல்லாமும் இருந்தது. மதுவிலக்கு இல்லாத புதுச்சேரி வேறு பக்கத்திலேயே இருந்தது.

அந்தச் சட்டம் தோப்பிக்கும் இடம் வைக்கவில்லை. 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974-இல் இறுகியது, 1981-இல் மீண்டும் தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 1987-இல் கள் தடைசெய்யப்பட்டது. 2003-இல் சில்லறைக் கடைகளும் அரசின் கைக்கே வந்தன. இந்த மாற்றங்களுக்கிடையில் மாறாதிருந்தது ஒன்றுதான்: உரிமம் இல்லாதவர் எதையும் காய்ச்சக் கூடாது. என் நண்பர் தம் அடுக்களையில் செய்வதை இங்கே செய்தால் அது குற்றம். இதற்கான நியாயங்களை நான் மறுக்கவில்லை. குடியால் அழிந்த வீடுகளைப் பார்த்தவன் எவனும் மதுவிலக்கின் நோக்கத்தைக் கேலி செய்ய மாட்டான்.

ஆயினும் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று உறுத்துகிறது. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரும் விஷச் சாராயத்தால் மாண்டனர். கள்ளக்குறிச்சி எங்களுக்குத் தொலைவான ஊரன்று. செய்திகள் வழக்கம்போல் கள்ளச்சாராயம் ‘காய்ச்சியவர்கள்’ என்றன. உயிர் குடித்தது மெத்தனால். அது யார் வீட்டு அடுப்பிலும் காய்ச்சப்படுவதன்று. ஆலைகளில் வேதித்தொழிலுக்காக உற்பத்தியாவது. வழியில் திசைமாற்றப்பட்டு, நீர் கலந்து, பிளாஸ்டிக் பாக்கெட்டில் கட்டி விற்கப்பட்டது. அந்தப் பாக்கெட்டில் பெயர் இல்லை. அது யாரிடமும் திரும்பிப் போக வேண்டியதும் இல்லை. தோப்பியைக் காய்ச்சியவள் அதே வீட்டில் அதே சாடியிலிருந்து தானும் குடித்தாள். கள் இறக்கியவர் அதே ஊரில் மறுநாளும் மரமேற வேண்டியிருந்தது. சோடாக் கம்பெனிக்காரர் மாலையில் காலிப் புட்டிக்கு வந்தாக வேண்டும். பாக்கெட் விற்றவன் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பானம் ஆபத்தானதாவது அதிலுள்ள போதையால் மட்டுமன்று, அதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போவதாலும்தான் என்று தோன்றுகிறது.

மரப்பெட்டி மறைந்ததை இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன். கனம் குறைந்த, ஈரம் குடிக்காத பிளாஸ்டிக் பெட்டி முதலில் வந்தது. பிறகு தூக்கியெறியும் புட்டி வந்து பெட்டியின் அவசியத்தையே குறைத்தது. பன்னிரண்டு பீர் புட்டிகள் இப்போது அட்டைப் பெட்டியில் கடைக்கு வருகின்றன. காலிப் புட்டி சாலையோரத்திலும் வயலிலும் உடைந்து கிடக்கிறது. நீலகிரிக் காடுகளில் அந்தச் சில்லுகள் யானைகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் நீலகிரியில் புட்டி ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அதைத் திரும்பக் கொடுக்கும் முறை தொடங்கியது. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. ஊர்ச் சோடாக்காரர் சட்டம் எதுவுமின்றி, மரத்தாலான 24 அறைகளைக் கொண்டு நடத்திய ஏற்பாட்டை, நீதிமன்ற ஆணையின் வழியே மீண்டும் கண்டெடுத்திருக்கிறோம்.

நண்பருக்கு அளவுகளை அனுப்பிவிட்டேன். உள்நீளம் 46, உள்ளகலம் 30 சென்டிமீட்டர். அவருடைய புட்டிகள் அதில் தாராளமாக அமரும். தடுப்புகளைக் கழுத்துவரை உயர்த்தவும், மூடி வைக்கவும், மூலைச் சட்டத்தை விட்டுவிடாமலிருக்கவும் சொன்னேன். கடைசியாக ஒன்றைச் சேர்த்தேன்: பெட்டி முடிந்ததும் பக்கப் பலகையில் உங்கள் பெயரை எழுதிவையுங்கள். யாருக்காவது ஒரு பெட்டி கொடுத்தால் புட்டிகளைத் திருப்பிக் கேளுங்கள்.

எங்கள் பெட்டியில் மிஞ்சிய இரண்டு எழுத்துகளை வைத்து அந்தக் கம்பெனி எது என்று கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை. திருப்பிக் கொடுக்க ஆள் இல்லாத பெட்டியைத் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்திருக்கிறேன்.