புரியாத நாடகமும் புரிந்துகொண்ட மக்களும்

"மக்களுக்கு இது புரியாது" என்னும் தீர்ப்பு நம் கலையுலகில் நெடுங்காலமாக வழங்கிவருகின்றது. புதிய வடிவம் எதனையும் கண்டு அஞ்சுவோர் இதனைக் கூறுவர். மக்களை ஒரு பொருட்டாக மதியாது, தமக்குள்ளேயே கலை வளர்க்கும் சிறு கூட்டத்தாரும் இதனையே கூறுவர். முன்னவர் பரிவினாலும் பின்னவர் ஏளனத்தினாலும் பேசுகின்றனர் என்பதே வேற்றுமை. உழைக்கும் மக்களின் அறிவு எளிய கதைக்கு அப்பால் எட்டாது என்னும் ஒரே முடிவில் இருவரும் கைகோத்துக்கொள்கின்றனர்.

இம்முடிவு உண்மைதானா? கல்முனைக்குடிக் கரையில் ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இஃது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று. கரைவலை இழுக்கும் தொழிலாளியின் பிள்ளையும் வயலில் கூலி வேலை செய்பவரின் பிள்ளையும் நம் வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு எதை விளங்கும் எனக் கருதுகிறோமோ, அதையே கற்பிக்கிறோம். ஆகவே இத்தீர்ப்பினை வரலாற்றின் முன் நிறுத்தி விசாரிப்பது நம் கடமையாகின்றது.

விசாரணைக்குப் பிறநாட்டு நாடகமொன்றை முதலிற் கொள்வோம். நம் நாட்டுக்குப் பின்னர் வருவோம். அயர்லாந்தில் பிறந்து பாரிசில் வாழ்ந்த சாமுவேல் பெக்கெற், 1948 இன் இறுதியிலும் 1949 இன் தொடக்கத்திலுமாகப் பிரெஞ்சு மொழியில் ஒரு நாடகம் எழுதினார். 'கொடோவுக்காகக் காத்திருத்தல்' என்பது அதன் பெயர். நாட்டுப்புறப் பாதை, ஒரு மரம், அந்திப் பொழுது. கந்தலுடுத்த இருவர் கொடோ என்பவரின் வரவை எதிர்பார்த்து நிற்கின்றனர். அவ்வழியே ஓர் ஆண்டான், கழுத்திற் கயிறு கட்டிய அடிமையை ஓட்டிக்கொண்டு வருகிறான். இறுதியில் ஒரு சிறுவன் வந்து, கொடோ இன்று வரமாட்டார், நாளை நிச்சயம் வருவார் என்கிறான். இரண்டாம் அங்கத்திலும் ஏறக்குறைய இதுவே நிகழ்கின்றது. மரத்திற் சில இலைகள் துளிர்த்திருக்கின்றன, ஆண்டான் குருடனாகியிருக்கிறான், அடிமை ஊமையாகியிருக்கிறான். கொடோ வரவேயில்லை. அவர் யார் என்பதையும் ஆசிரியர் கூறவில்லை.

1953 சனவரி 5 ஆம் நாள் பாரிஸ் நகரின் பாபிலோன் அரங்கிலே, றோஜே பிளான் நெறிப்படுத்த, இது முதன்முதலாக மேடையேறிற்று. கதையும் திருப்பமும் தீர்வும் எதிர்பார்த்தோருக்கு இது பெருங்குழப்பமாகவே இருந்தது. ஆயினும் இந்நாடகம் ஊர்விட்டு ஊர் சென்றபோது என்ன நிகழ்ந்தது என்பதிலேதான் நமக்குரிய பாடம் இருக்கின்றது.

1956 சனவரி 3 ஆம் நாள் அமெரிக்காவின் மியாமி நகரில் இந்நாடகம் அரங்கேறிற்று. நியூயோர்க் மேடைக்குச் செல்லுமுன் வெள்ளோட்டமாக அங்கு கொண்டுசெல்லப்பட்டது. மியாமியோ செல்வர்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் கடற்கரை நகரம். நாடக வணிகர் அதற்கேற்ப, இரு கண்டங்களைச் சிரிக்கவைத்த நாடகம் என்று விளம்பரம் செய்திருந்தார். நடித்தவர்களுள் ஒருவர் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகரான பேட் லார். உண்ட மயக்கத்திலே சிரித்து மகிழ வந்த கனவான்களும் சீமாட்டிகளும், முதல் அங்கம் முடிந்ததும் கூட்டங்கூட்டமாக எழுந்து சென்றனர். மற்ற நகரங்களுக்கான பயணம் கைவிடப்பட்டது.

அடிபட்ட வணிகர் வேறொரு தந்திரம் செய்தார். அதே ஆண்டு ஏப்பிரலில் நியூயோர்க்கில் மேடையேற்றியபோது, இந்நாடகத்துக்கு 70,000 அறிவாளிகள் தேவை என விளம்பரம் வெளியிட்டார். வெறும் பொழுதுபோக்குக்காக வருவோர் வரவேண்டாம் என்றும் எச்சரித்தார். பணக்காரருக்குப் புரியவில்லையெனில் பட்டம் பெற்றோருக்காவது புரியும் என்பது அவர் கணக்கு. அதற்கும் கீழே இறங்கிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டிலேயே அக்கணக்குப் பொய்த்தது. 1957 நவம்பர் 19 ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோவின் நாடகக் குழுவொன்று, ஹேர்பேட் புளோவின் நெறியாள்கையில், இதே நாடகத்தைச் சான் குவென்ரின் சிறைச்சாலைக்குக் கொண்டுசென்றது. கொலை, கொள்ளைக் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்ற சுமார் 1,400 கைதிகள் அவையோராக அமர்ந்திருந்தனர். 1913 இல் சாரா பேர்ண்ஹார்ட் அம்மையார் நடித்துச் சென்ற பின்னர் அச்சிறை கண்ட முதல் நாடகம் இதுவே. இந்நாடகம் அங்கு அனுமதிக்கப்பட்டதற்கு இதிற் பெண் பாத்திரம் இல்லாமையே முக்கிய காரணமாயிற்று! நடிகர்கள் நடுங்கிக்கொண்டிருந்தனர். நாகரிக நகரத்துப் பார்வையாளரே எழுந்தோடிய நாடகத்தை, பள்ளிப் படிப்பும் குறைந்த இக்கூட்டம் என்ன செய்யுமோ என்பது அவர்கள் அச்சம். திரை விலகுமுன் புளோ முன்வந்து, 'ஜாஸ்' இசையைக் கேட்பதுபோல இதனைக் கேளுங்கள். உங்களுக்குக் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்னும் பொருள்படச் சில சொற்கள் கூறினார்.

கைதிகள் எழுந்து செல்லவில்லை. கூச்சலிட்டுக் கலைக்கவும் இல்லை. இறுதிவரை கட்டுண்டிருந்தனர். கொடோ யார் எனக் கேட்ட செய்தியாளருக்கு, சமூகந்தான் என்றார் ஒருவர். வெளியுலகம் என்றார் மற்றொருவர். நாடகத்தின் சொற்களும் பெயர்களும் சிறையின் அன்றாடப் பேச்சிலே கலந்தன. அன்று தன் அறையைவிட்டு வெளிவர அனுமதியின்றி, ஒலிபெருக்கி வாயிலாக மட்டும் நாடகத்தைக் கேட்ட ஆயுட்கைதி றிக் குளூச்சி, பின்னர் சிறைக்குள்ளேயே நாடகக் குழு அமைத்தார். பிற்காலத்திற் பெக்கெற்றுடன் இணைந்தும் பணியாற்றினார்.

எழுத்து ஒன்றே; காட்சி ஒன்றே. எனின், மியாமியிற் புரியாதது சிறையில் எவ்வாறு புரிந்தது? காத்திருத்தல் என்பது மியாமிக் கனவானுக்கு அனுபவமன்று. அவனுக்காகப் பிறர் காத்திருப்பர். கைதிக்கோ அதுவே வாழ்க்கை. ஒவ்வொரு நாளும் முந்திய நாளைப் போலவே இருப்பதும், நாளை என்னும் வாக்குறுதி நாளை வந்ததும் மறுபடி நாளையாவதும் அவனுக்கு எவரும் விளக்கவேண்டாதவை. புரிதல் என்பது படிப்பின் அளவை மட்டும் பொறுத்ததன்று. மனிதன் சமூகத்தில் எங்கே நிற்கிறான் என்பதையும் பொறுத்தது.

இத்துடன் நிறுத்துவோமாயின், துன்புறுவோர்க்குத் துன்ப நாடகம் புரியும் என்னும் அளவிலேயே வாதம் முடிந்துவிடும். வரலாறு அதற்கு அப்பாலும் செல்கின்றது.

1963 இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே டோறிஸ் டேர்பி, ஜோன் ஓ'நீல், கில்பேட் மோசஸ் என்னும் இளைஞர் மூவர் 'தென்னகச் சுதந்திர அரங்கு' என்னும் குழுவை நிறுவினர். கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதியச் சென்றாலே வேலையும் வீடும், சில வேளைகளில் உயிரும் பறிபோன காலம் அது. 1964 கோடையில் அங்கு குடியுரிமைப் பணியாற்றிய இளைஞர் மூவர் கொலையுண்டனர். அத்தகைய மண்ணிலே, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து நடித்த அக்குழு, 1964–65 பருவத்தில் ஊர் ஊராகச் சென்று நாடகம் ஆடிற்று. கட்டணம் எதுவும் பெறவில்லை. தேவாலயங்களும் சமூக நிலையங்களுமே அரங்குகள். அவர்கள் கொண்டுசென்றவற்றுள் ஒன்று பெக்கெற்றின் இந்நாடகம்.

பருத்திக் காட்டுத் தொழிலாளர் நடுவே இது எடுபடுமா எனப் பலரும் ஐயுற்றனர். எல்லோரும் அதனை ஒரே வகையில் ஏற்றனர் என்று நாமும் சொல்லமாட்டோம், குழம்பியோரும் இருந்தனர். ஆனால் றூல்வில் என்னும் சிற்றூரில் அதனைப் பார்த்தோருள் ஃபானி லூ ஹேமர் அம்மையார் இருந்தார். இருபது பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்து, சிறுவயதிலேயே பருத்தி கொய்யச் சென்றவர் அவர். 1962 இல் வாக்காளராகப் பதிய முயன்றமைக்காகத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர். 1963 இற் சிறையில் அடித்து நொறுக்கப்பட்டவர். அவர் அவையோரை நோக்கிக் கூறியதன் சாரம் இதுவே: இம்மனிதரைப் போன்றோரை நாம் தினமும் தெருமுனைகளிற் காண்கிறோம், எதற்காகவோ காத்திருக்கின்றனர், ஆனால் நாம் அவ்வாறு குந்தியிருத்தல் ஆகாது, எவரும் எதையும் கொண்டுவந்து தரப்போவதில்லை, நாமே சென்று பெறவேண்டும்.

இதனை உற்று நோக்குக. கைதிகள் நாடகத்திலே தம்மைக் கண்டனர். ஹேமர் அம்மையாரோ கண்டதோடு நில்லாமல், நாடகத்துக்கே மறுமொழி கூறினார். காத்திருத்தலை மனித குலத்தின் மாறா விதியாகக் காட்டிய மேடையை நோக்கி, அது விதியன்று, நிலைமை. நிலைமையை மாற்றலாம் என்றார். பேராசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதிய விளக்கங்களுக்கு இது எவ்வகையிற் குறைந்தது? ஒரு கலைப்படைப்பினைப் புரிந்துகொள்வதன் உச்சம் அதனோடு வழக்காடுவதே. வாக்குரிமைச் சட்டம் 1965 ஓகஸ்டில் நிறைவேறியமைக்கு, அவர் போன்றோர் காத்திராமையே காரணம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கிழக்கிலங்கை மக்களுக்குக் குறியீடு புதிதா? பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் விழாவிலே பாண்டவர் வனவாசமும் அருச்சுனன் தவநிலையும் நிகழும்போது, ஊர்த் தெருவே காடாகிறது. தெரு எவ்வாறு காடாகும் என்று எவரும் கேட்பதில்லை. மட்டக்களப்புக் கூத்தின் வட்டக்களரியில் அரசன் ஒரு சுற்று ஆடிவந்தால் நாடு கடந்தான் என்பது குழந்தைக்கும் தெரியும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அக்கூத்தினைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962 இற் 'கர்ணன் போர்', 1964 இல் 'இராவணேசன்' எனச் சுருக்கி நவீன மேடைக்குக் கொணர்ந்தபோது, புதிதாகக் கற்கவேண்டியிருந்தோர் நகரத்துப் படித்தவர்களே. கிராமத்தவர்க்கு அந்த ஆட்டமும் தாளமும் பிறந்தநாள் முதற் பழக்கம்.

1985 இல் யாழ்ப்பாணத்தில் உருவாகிய 'மண் சுமந்த மேனிய'ரும் இவ்வரலாற்றைச் சேர்ந்ததே. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுத, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய அந்நாடகம், வழமையான குடும்பக் கதை நாடகமன்று. பாட்டும் அசைவும் கூட்டுக்குரலும் கலந்தது. ஆயினும் அது பல்கலைக்கழக மண்டபத்தோடு நில்லாமல் ஊர்களுக்குச் சென்றது. தம் துயரமே மேடையில் நிற்கக் கண்ட மக்களுக்கு வடிவத்தின் புதுமை தடையாக நிற்கவில்லை.

இதனால், விளங்காமல் எழுதுவதே உயர்ந்த கலை என்று நாம் வாதிப்பதாக எவரும் கொள்ளலாகாது. சொல்வதற்கு ஒன்றுமில்லாத வெறுமையை இருளால் மூடி, கேள்வி கேட்டோரை மூடரென ஏசும் கலைஞரும் உளர். அவரையும் மெய்யான பரிசோதனைக்காரரையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. மெய்யானவர் மக்களிடம் செல்வார். சென்றதோடு நில்லாமல், நாடகம் முடிந்த பின் அவர்கள் கூறுவதைக் கேட்க அமர்ந்திருப்பார். தென்னகச் சுதந்திர அரங்கு ஆட்டம் முடிந்ததும் அவையோருடன் உரையாடிற்று. அவ்வனுபவத்தின் பயனாகவே அக்குழு பின்னாளில் அம்மண்ணின் எழுத்தாளர்களையும் அம்மக்களின் வாழ்க்கையையும் நோக்கித் திரும்பிற்று. மக்கள் நாடகத்தைக் கற்றனர். நாடகமும் மக்களிடம் கற்றது.

காத்திருத்தல் நம் கரைக்கு அந்நியமானதன்று. மீன் கூட்டம் வருமென மணலிற் கண்பூத்திருக்கும் கரைவலைத் தொழிலாளி அதனை அறிவார். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி இக்கரையை வாரிச் சென்ற பின்னர், கூடாரத்திலிருந்து வீட்டுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் அறியும். சவூதி அரேபிய உதவியால் நுரைச்சோலையிற் கட்டப்பட்ட 500 வீடுகள் வழக்கிலும் அரசியலிலும் சிக்கி, ஆண்டுக்கணக்கிற் குடியேற ஆளின்றிப் பாழடைந்தமையை நம் மாவட்டம் கண்டது. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரக் கொட்டகைகளில் அமர்ந்து, காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகள் எங்கே எனக் கேட்ட தாய்மாரும் அறிவர். இவர்களுக்கா கொடோ புரியாது?

ஆசிரியர்களே, மாணவர்களே! பாடசாலை மேடையிலும் ஊர் மன்றத்திலும் புதிய நாடகத்தை ஆடுங்கள். முடிந்ததும் திரையை மூடிவிட்டு ஓடாதீர்கள். பின்வரிசையிலிருப்பவரை எழுப்பி, என்ன கண்டீர்கள், எதை மறுக்கிறீர்கள் எனக் கேளுங்கள். வகுப்பிலும் அவ்வாறே செய்வோம். கவிதைக்கு ஒரே கருத்து, கதைக்கு ஒரே படிப்பினை எனப் பரீட்சைக்காக மனனம் செய்வித்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சிந்திக்கத் தெரியவில்லை என்று நாமே சலித்துக்கொள்வது நேர்மையன்று. கரைவலைத் தொழிலாளியின் பிள்ளை "இது எனக்கு உடன்பாடில்லை, சேர்" என்று எழுந்து காரணமும் சொல்லும் நாளை விரைவில் வரச்செய்வது நம் கையிலேயே இருக்கின்றது. அந்த நாளுக்காக நாம் காத்திருத்தல் வேண்டாம்.