வெலிக்கடை நெரிசல்: புதிய கட்டடம் தீர்வாகுமா?

கொழும்பு பொரளையில் உள்ள வெலிக்கடைச் சிறைச்சாலை 1841ஆம் ஆண்டு பிரித்தானியரால் கட்டப்பட்டது. அந்தப் பெயரைக் கேட்டால் எங்களில் பலருக்கு 1983 ஜூலை 25ஆம், 27ஆம் திகதிகளே நினைவுக்கு வரும். அந்த இரு நாட்களிலும் 53 தமிழ்க் கைதிகள் அங்கே படுகொலை செய்யப்பட்டார்கள். 2012 நவம்பரில் அதே சிறையில் மேலும் 27 கைதிகள் உயிரிழந்தார்கள். நான் இங்கே எழுத வருவது, இத்தகைய நாட்களில் மட்டும் வெளியில் தெரிந்து பின்னர் மறக்கப்படும் சிறை நெரிசல் பற்றி.

இலங்கையின் சிறைகள் அனைத்திலும் சேர்த்து ஏறத்தாழ 11,000 முதல் 12,000 பேருக்கே இடமுண்டு. அண்மைய ஆண்டுகளில் உள்ளே இருப்போர் தொகை அதன் இரு மடங்கையும் தாண்டிவிட்டது. படுக்க இடமில்லாமல் முறை வைத்துத் தூங்குகிறார்கள். மலசலகூட வாசலிலும் படுக்கிறார்கள். ஒருவருக்கு வரும் தொற்று எல்லோருக்கும் பரவுகிறது. 2020 நவம்பர் 29 அன்று மஹர சிறையில் 11 பேர் இறந்த கலவரத்துக்குப் பின்னணியில், நெரிசலுக்குள் பரவிய கொரோனா அச்சம் இருந்தது.

யார் இவர்கள்?

உள்ளே இருப்போரில் பாதிக்கும் கூடுதலானோர் விளக்கமறியல் கைதிகள். அதாவது, குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்பளிக்காதவர்கள். நீதவான் இரண்டு வாரமளவில் தவணை போடுவார். அறிக்கை வராவிட்டால் மறுபடியும் தவணை. போதைப்பொருள் வழக்கென்றால் இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கைக்காகவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் பல்லாயிரக்கணக்கானோர் கைதானபோது இந்த வரிசை இன்னும் நீண்டது.

தண்டனை பெற்று உள்ளே செல்வோரிலும் பெருந்தொகையினர் தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்கள்.

சட்டம் சொல்வது

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு. தண்டனை விதிக்கப்படாத ஒருவரை 12 மாதங்களுக்கு மேல் மறியலில் வைக்கக் கூடாது. சட்டமா அதிபர் கோரினால் மேல் நீதிமன்றம் அதை மேலும் 12 மாதங்கள் வரை நீடிக்கலாம்.

ஆனால் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம் இந்தப் பிணைச் சட்டத்துக்குள் அடங்காது. எங்கள் பிள்ளைகள் பலர் தீர்ப்பின்றி ஆண்டுக்கணக்கில் மறியலில் கிடந்ததற்கு அதுவே வழி செய்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் தடுப்புக் காவல் உத்தரவின் உச்சக் காலத்தை 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைத்தது. சட்டம் இன்னும் நீக்கப்படவில்லை. கொழும்புச் சிறைக்குப் போய்வரும் வடக்குத் தாய்மாருடன் நான் பேசியபோது, அவர்கள் நெரிசலைப் பற்றி முறையிட்டதைவிட "எப்ப வழக்கு முடியும்?" என்று கேட்டதே அதிகம். அந்தக் கேள்விக்குள்தான் நெரிசலுக்கான காரணமும் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

வெலிக்கடையை ஹொரணைப் பகுதிக்கு மாற்றும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. 180 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டடத்தை விட்டு வெளியேறுவது நல்லதே. ஆனால் உள்ளே வரும் தொகை குறையாவிட்டால் புதிய சிறையும் சில ஆண்டுகளில் நிரம்பிவிடும். 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொரோனாவுக்குப் பயந்து ஏறக்குறைய 3,000 பேர் விடுவிக்கப்பட்டார்கள். அதற்குப் புதிய சுவர் எதுவும் தேவைப்படவில்லை.

பகுப்பாய்வு அறிக்கைகளை விரைவுபடுத்துவது, வசதிக்கேற்ற பிணை நிபந்தனை விதிப்பது, சிறு குற்றங்களுக்கு 1999ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தைப் பயன்படுத்துவது, பயங்கரவாதத் தடைச்சட்டத்தை நீக்குவது ஆகியவை நெரிசலை அதன் வாசலிலேயே குறைக்கும்.

மறியலில் உறவினர் உள்ளவர்கள் கைதான திகதியையும் வழக்கு இலக்கத்தையும் ஒவ்வொரு தவணையையும் எழுதி வையுங்கள். பிணைத் தொகை கட்ட முடியாததாக இருந்தால், அதைக் குறைக்குமாறு சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தைக் கேட்கலாம். தண்டப்பணத்தைத் தவணை முறையில் செலுத்தவும் அனுமதி கோரலாம். சட்டத்தரணிக்கு வசதியில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். சிறையில் நடத்தப்படும் விதம் குறித்து இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் தமிழிலேயே முறையிடலாம்.