கோப்பி வறுத்தல் (யாழ்ப்பாண வீட்டு மரபு)

கோப்பி வறுத்தல்: பச்சைக் கோப்பிக்கொட்டையை வீட்டு அடுப்பிலேயே வறுத்து, இடித்து, அரித்துத் தூளாக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டு வழக்கம். மல்லி, வேர்க்கொம்பு, மிளகு, சீரகம் முதலியவற்றைத் தனித்தனியே வறுத்துச் சேர்ப்பது இதன் தனித்தன்மை. வலிகாமத்தின் பெரிய சந்தை ஊரான சுன்னாகமும் அதைச் சூழ்ந்த ஊர்களும் இம்மரபு வேரூன்றிய பகுதிகளுள் அடங்கும். இலங்கையின் பெருந்தோட்டக் கோப்பி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழிந்தது. கோப்பியை அறிந்து கையாளும் திறனோ அதனுடன் அழியவில்லை. வளவுகளிலும் அடுப்படிகளிலும் அதைக் காத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

இலங்கையில் கோப்பி

கோப்பிச் செடியை இலங்கைக்குக் கொண்டுவந்தவர்கள் அராபிய வணிகர்கள் என்பது பொதுவான கருத்து. சிங்களக் கிராமங்களில் அதன் பூ விகாரைகளுக்குக் காணிக்கையாகவும், இளம் இலை கறிக்கும் பயன்பட்டன. ஒல்லாந்தர் 1740ஐ ஒட்டித் தாழ்நிலத்தில் பயிரிட முயன்றனர். யாவாவிலிருந்து போதிய கோப்பி கிடைத்ததால் அம்முயற்சியை அவர்கள் வளர்க்கவில்லை.

பெருந்தோட்டம் ஆங்கிலேயர் காலத்தில் பிறந்தது. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகிலும், ஆளுநர் எட்வேட் பார்ன்ஸ் பேராதனைக்கு அருகே கன்னொறுவையிலும் தோட்டம் அமைத்தனர். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் மலைநாட்டுக் காடு கோப்பிக் காடாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளை வரை நடந்தனர். அந்த வழியிலேயே நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். 1870இல் ஏற்றுமதி 10 இலட்சம் அந்தரைத் தாண்டியது. 1878இல் பயிர்நிலம் 275,000 ஏக்கரை எட்டியது.

அழிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தது. 1869இல் மடுல்சீமைத் தோட்டங்களில் இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்த புள்ளிகள் தோன்றின. அது ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்னும் பூஞ்சணம் உண்டாக்கும் இலைத்துரு நோய். 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி அதை ஆராய்ந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், ஒரே பயிரை மலைமலையாக நெருக்கி நட்டதே நோய் பரவத் துணைசெய்தது என்று காட்டினார். 1884இல் தோட்டக் கடன்களில் சிக்கியிருந்த ஓரியன்டல் வங்கி முறிந்தது. 1867இல் லூல்கொந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்தது.

துரு நோயால் தோட்டங்கள் ஒழிந்தாலும் கோப்பிச் செடி ஒழிந்துவிடவில்லை. வேலியோரம், கிணற்றடி, பலாமர நிழல் எனத் தனித்தனியே நின்ற செடிகள் பிழைத்தன. பின்னர் நோயைத் தாங்கும் ரொபஸ்டா இனமும் வந்து சேர்ந்தது. அதன்பின் நூறாண்டுக்கு மேலாக இலங்கைக் கோப்பியின் பெரும்பகுதி வீட்டுத் தோட்டங்களிலேயே விளைந்துவருகிறது.

வடக்கை அடைந்த வழி

யாழ்ப்பாணம் கோப்பி விளையும் நாடன்று. அராபிக்கா இனத்துக்குக் குளிர்ந்த மேட்டுநிலம் வேண்டும். குடாநாடோ கடல்மட்டத்தை ஒட்டிய சுண்ணாம்புக்கல் நிலம். மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையே பெய்யும். ஆயினும் வலிகாமத்தின் செம்மண்ணில், கிணற்றுநீர் ஓடும் வாய்க்காலோரத்தில், வாழை நிழலில் ஒன்றிரண்டு கோப்பிச் செடிகளை வளர்த்த வீடுகள் இருந்தன. பழத்தை வெயிலில் காயவிட்டு, உரலில் மெல்லக் குற்றி, சுளகில் புடைத்துக் கொட்டையெடுப்பார்கள். ஒரு வீட்டுத் தேவையின் சிறுபங்கையே அது தந்தது. மீதிக் கொட்டை மலைநாட்டிலிருந்து வந்தது.

1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1905இல் பாதை தெற்குடன் இணைந்தது. இப்பாதையில் அமைந்த சுன்னாகம், சுற்றுவட்டாரத்து மரக்கறியும் வாழைக்குலையும் வெளியே செல்லும் இடமாகவும், தெற்கின் பலசரக்கு உள்ளே வரும் இடமாகவும் வளர்ந்தது. தென்னிலங்கையிலும் மலைநாட்டிலும் எழுதுவினைஞர்களாகவும் ஆசிரியர்களாகவும் கடைக்காரர்களாகவும் இருந்த யாழ்ப்பாணத்தாரின் போக்குவரத்தும் கோப்பியை வீட்டு வழக்கமாக்க உதவியது.

வறுக்கும் முறை

கொட்டையைச் சுளகில் இட்டுக் கல்லும் கறுப்பும் பொறுக்கிய பின் இரும்புத் தாச்சியை அல்லது தடித்த மண்சட்டியை அடுப்பில் ஏற்றுவார்கள். விறகை ஒதுக்கி நெருப்பைத் தணித்து, அகப்பையால் இடைவிடாமல் கிளற வேண்டும். கை நின்றால் அடியிலுள்ள கொட்டை கருகும். உள்ளே பச்சையாகவே இருக்கும்.

பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் ஈரம் உண்டு. முதலில் அது ஆவியாகிறது; கொட்டை மஞ்சளித்து வைக்கோல் மணம் தரும். பிறகு சீனிப்பொருளும் அமினோ அமிலமும் வெப்பத்தில் வினைபுரிவதால் நிறம் கபிலமாகிறது, வறுத்த மணம் எழுகிறது. ஏறத்தாழ 196 பாகை செல்சியசில் உள்ளே அடைபட்ட நீராவியும் காபனீரொட்சைட்டும் கொட்டையைப் பிளக்கும். அந்த வெடிப்பொலி தெளிவாகக் கேட்கும். இன்னும் சூடேறி 224 பாகையை நெருங்கும்போது இரண்டாவது வெடிப்பு மெல்லிய சடசடப்பாகத் தொடரும். எண்ணெய் மேலே கசிந்து கொட்டை மினுங்கும். இதற்குள் எடையில் 15 முதல் 20 சதவீதம் குறைந்திருக்கும். யாழ்ப்பாணத்தார் விரும்புவது இந்த இரண்டாம் வெடிப்பை ஒட்டிய கடும் வறுவலையே. பாலில்லாமல் சீனியோடு குடிக்கவும், சரக்குகளின் காரத்துக்கு ஈடுகொடுக்கவும் அதன் கசப்பு வேண்டியிருக்கிறது.

வெப்பமானி இல்லாத அடுப்படியில் இந்த மாற்றங்களை அளந்தவை கண்ணும் காதும் மூக்கும். மிளகாயையும் சரக்குகளையும் வறுத்து யாழ்ப்பாணக் கறித்தூள் இடித்துப் பழகிய அதே கைகளே கோப்பியையும் வறுத்தன. எந்தச் சரக்கை எப்போது இறக்குவது என்ற அந்தப் பயிற்சியே கோப்பிக்கும் அடிப்படை. மல்லி விரைவில் சிவந்துவிடும். அதைக் கோப்பியோடு சேர்த்துப் போட்டால் கருகும். ஆகவே தனியே இளவறுவலாக வறுக்கிறார்கள். வேர்க்கொம்பைத் தட்டி நொறுக்கிச் சூடேற்றுவதும் மிளகையும் சீரகத்தையும் மணம் வரும்வரை மட்டும் பிரட்டுவதும் இதே கணக்கில்தான். அளவு வீட்டுக்கு வீடு மாறும்.

வறுத்த கொட்டையை உடனே சுளகில் பரப்பி ஆற்றுவார்கள். சட்டியிலேயே விட்டால் அதன் சூடு வறுவலைத் தொடரும். ஆறிய பின் உரலில் இட்டு உலக்கையால் இடித்து, அரிதட்டில் அரித்து, கப்பியை மீண்டும் இடித்து, ஈரமில்லாத போத்தலில் இறுக மூடிவைப்பார்கள். பச்சைக் கொட்டை மாதக்கணக்கில் கெடாது. இடித்த தூளோ சில நாட்களிலேயே மணம் இழக்கத் தொடங்கும். கொட்டையாகச் சேமித்து வேண்டியபோது சிறிது சிறிதாக வறுக்கும் வழக்கத்துக்கு இதுவே காரணம். அரைக்கும் மில்கள் பெருகிய பின் இடிப்பு வீட்டைவிட்டு வெளியேறியது. வறுவல் அடுப்படியிலேயே நீண்டகாலம் நின்றது.

குடிக்கும் வகை

தமிழ்நாட்டின் டிகாஷன் காப்பிக்கு வடிகலம் வேண்டும்; சிக்கரி சேரும்; பால் முக்கியம். யாழ்ப்பாணக் கோப்பிக்குக் கொதிநீரே போதும். தூளைக் கொதிநீரில் இட்டு, மூடி, மண்டி அடியில் தங்கியதும் தெளிவை வார்ப்பார்கள். சீனி போட்டும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டும் குடிப்பதுண்டு. ஆடு வளர்த்த வீடுகளில் ஆட்டுப்பால் சேர்ந்தது. வாய் படாமல் அண்ணாந்து குடிக்க மூக்குப்பேணி உதவியது. தடிமனுக்கும் இருமலுக்கும் மல்லிக் கோப்பி கைமருந்து. முட்டையைச் சீனியோடு நன்கு அடித்து, அதில் கொதிக்கும் கோப்பியை ஊற்றி எடுக்கும் முட்டைக்கோப்பி, நோயில் மெலிந்தவரின் உடம்பைத் தேற்றக் கொடுக்கப்படுவது. செத்த வீட்டில் இரவு விழித்திருப்போருக்கும் அடுப்பு அணையாமல் கோப்பி ஊற்றுவார்கள்.

உலக வரலாற்றில் வீட்டு வறுவல்

வீட்டில் கோப்பி வறுப்பது ஒருகாலத்தில் உலகப் பொது வழக்கம். எத்தியோப்பியாவில் விருந்தினர் முன்னிலையில் கொட்டையை வறுத்து, அதன் புகையை நுகரக் கொடுத்து, இடித்துக் காய்ச்சிப் பரிமாறும் சடங்கு இன்றும் நடைபெறுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலானோர் பச்சைக் கொட்டையையே வாங்கினர். 1864இல் ஜேபஸ் பேர்ன்ஸ் காப்புரிமை பெற்ற வறுக்கும் இயந்திரமும், அதை ஒட்டிய ஆண்டுகளில் பிற்ஸ்பேர்க்கின் ஆர்பக்கிள் சகோதரர்கள் வறுத்த கோப்பியைப் பொதியிட்டு விற்றதும் அவ்வழக்கத்தை மங்கச்செய்தன. 1938இல் சுவிற்சர்லாந்தில் அறிமுகமான நெஸ்கபே, வறுவலோடு இடிப்பையும் காய்ச்சுவதையும் நுகர்வோரின் கையிலிருந்து எடுத்துக்கொண்டது. 1970களுக்குப் பின் மேற்கு நாட்டு ஆர்வலர்கள் சோளப்பொரிப் பொறியிலும் சிறு இயந்திரங்களிலும் கோப்பி வறுக்கத் தொடங்கி, கைவிட்ட கலையைப் புதிதாகக் கற்றனர். யாழ்ப்பாண அடுப்படி அதைக் கைவிட்டிருக்கவில்லை.

போரும் பின்பும்

1990 யூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாண ரயில் நின்றது, மின்சாரமும் அற்றுப்போனது. விறகடுப்பையும் உரலையும் நம்பிய பழைய முறைகளுக்கு அப்போது வேலை கூடியது. 1995 ஒக்டோபர் 30 அன்று தொடங்கிய பெரும் இடப்பெயர்வில் சுன்னாகம் உட்பட வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் சென்றனர். நீர் ஊற்ற ஆளின்றி மாதக்கணக்கில் நின்ற வளவில் கோப்பிச் செடி பிழைப்பது அரிது. இலண்டன், ரொறன்ரோ, பாரிஸ் எனச் சிதறிய உறவினருக்கு மிளகாய்த்தூளோடு கோப்பித்தூளும் பொதியாகப் போகத் தொடங்கியது. 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பியபோது சுன்னாகம் நிலையமும் மீண்டும் இயங்கியது.

இன்றைய நிலை

பொதியிட்ட தூளும் உடனடிக் கோப்பியும் இன்று எளிதில் கிடைக்கின்றன. எரிவாயு அடுப்புள்ள சிறிய குசினியில் புகை கிளப்பி வறுக்கப் பலர் தயங்குகின்றனர். உரல் பல வீடுகளில் ஒதுக்கப்பட்டுவிட்டது. இம்மரபின் உயிர்நாடியான கலப்பளவும் வறுவற் பக்குவமும் வாய்மொழியாகவே வந்தவை. மூத்த பெண்களோடு அவையும் போய்விடும் அபாயம் உள்ளது. அதேவேளை மலைநாட்டில் தரமான அராபிக்காவை மீண்டும் வளர்க்கும் முயற்சிகள் நடக்கின்றன. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் பயிர்களுள் கோப்பியும் ஒன்று. இலங்கைக் கோப்பியின் மீள்வரவைப் பேசுவோர் நல்ல செடியோடு நல்ல வறுவலையும் தேடவேண்டியவர்கள். அந்த வறுவலை அறிந்தவர்கள் வலிகாமத்து வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய அளவுகளை, நேரங்களை, பக்குவக் குறிப்புகளை வீடு வீடாகக் கேட்டு எழுதிவைக்கும் பணி, அவர்கள் இருக்கும்போதே செய்யப்பட வேண்டியது.